முப்பது மில்லி, பதினைந்து நிமிடம்

மார்ச் 3, ஞாயிறு

என் டன்னுக்கு,

இது அப்பா எழுதுவது. நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுத நம் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு. மேலே இருக்கும் நாலு வரிக்கு ஒரு நாள் முழுதும் போய்விட்டது. ஆனால் என்ன சுகம் தெரியுமா? மனசில் இருப்பது விரல் வழியாக இறங்கித் தாளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திரும்பிப் பார்த்தால் அங்கேயே இருக்கிறது. ஓடிப்போகவில்லை. அறுபத்தொன்பது வயது வரை இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே!

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய். அப்புறம் 'வேலைல இருக்கேன்பா' என்கிறாய். அப்புறம் சத்தம் இல்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது மருமகள். அவள் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தபோது இடது கையால் எழுதிப் பழகினாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் எழுத வேண்டுமே. தரையில் உட்கார்ந்து அவள் எழுதுவாள், நான் பார்ப்பேன். ஒருநாள், "சும்மாதானே இருக்கீங்க மாமா, நீங்களும் எழுதுங்க" என்று ஒரு பென்சிலைத் தள்ளிவிட்டாள். கடையில் கழித்துப்போட்ட கண் பரிசோதனைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். அதுதான் என் பாடப் புத்தகம். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரிக்கு வந்தபோது எழுத்து தெரிந்தது, கண் தெரியவில்லை. அதற்கும் அவளே ஒரு கண்ணாடி கொண்டுவந்தாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று தோன்றுகிறது.

நீ வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து இரண்டு மாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. உன் முதல் சம்பளத்திலிருந்து நம் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு, ஞாயிறு மதியம் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் பிராந்தி. ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோயிருந்தது. அன்று நான் தாளைப் பார்த்தேன். எழுத்து தெரியாது. எண் தெரியும். நாற்பது வருஷம் எடைமேடையில் லாரிகளுக்கு எடை பார்த்தவன் அல்லவா! 30 என்று இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்து இருமல் மருந்து மூடியிலும் இருக்கும், பிராந்தி புட்டியிலும் இருக்கும். அதற்குப் பிறகு 15, பக்கத்தில் ஒரு கடிகாரப் படம். டாக்டரே அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

மருந்து மூடியால் இரண்டு மூடி. முப்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நாலு தடவை ஊற்றினேன். ஒரு சொட்டு கூடவும் விடவில்லை, குறையவும் விடவில்லை. அவள் உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்தாள். நீ ஸ்கூட்டரை எடுத்தாய். எழுந்தபோது நேராகத்தான் நின்றாய். தெருமுனை மின்கம்பம் வரைதான் போனீர்கள். அவளுக்கு மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர், "இவருக்குக் குடிக்கக் கொடுத்தது யார்?" என்றார். நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய். "எழுத்து தெரியாத ஆளு சார். அவர் கண்ணுல படற மாதிரி அந்தப் பேப்பரை ஒட்டினது என் தப்பு" என்றாய்.

நீ சொன்னது சரிதான். ஒன்பதாம் நாள் வேற்றூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். பதினான்கு மாதம் ஆகிறது.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் படித்து உனக்கு எழுதப் போகிறேன். முதல் வரி: 'உணவை நன்றாக மென்று விழுங்கவும்.' மென்று விழுங்குகிறாயா?

இப்படிக்கு,
அப்பா

•

மார்ச் 14

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து புரிகிறது. நன்றாகவே இருக்கிறது.

உறையின் மேல் 'டன்னு' என்று எழுத வேண்டாம். தபால்காரர் நாலு மாடி ஏறி, மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, "இங்க டன்னு யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் நான்தான் என்றபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். என் எடை இப்போது எண்பத்தெட்டு. அந்தப் பெயருக்கு நான் பொருத்தமில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். அது முதல் சில மாதத்துக்கான தாள். இப்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நடந்தது நடந்துவிட்டது.

மென்றுதான் விழுங்குகிறேன்.

அவள் கை எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

மகன்

•

மார்ச் 24, ஞாயிறு

என் எண்பத்தெட்டுக்கு,

சரி, உறையில் உன் பெயர்தான். உள்ளே மட்டும் நான் என் இஷ்டப்படி கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. 'நன்றாகவே இருக்கிறது' என்ற வரியை மட்டும் எதிர்வீட்டு ஓட்டுநரிடம் காட்டினேன். மற்றதை மடித்துப் பிடித்துக்கொண்டேன். அவர், "அதென்ன மடிச்சு வச்சிருக்கீங்க, உள்ள திட்டியிருக்கானா?" என்றார்.

நீ கேட்டதாக அவளிடம் சொல்லவில்லை. ஆனால் கடிதம் மேசைமேல்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் தலைகீழாகக் கிடந்தது. கை நன்றாக இருக்கிறது. குளிர்காலத்தில் வலிக்கிறது என்கிறாள். பாட்டில் மூடி திறக்க என்னிடம் கொடுக்கிறாள். பில் மட்டும் இன்னும் இடது கையால்தான். பழகிவிட்டதாம்.

"நீ உங்க அக்கா வீட்டுக்குப் போறதுன்னா போ கண்ணு, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று ஒருதரம் சொன்னேன். "நான் ஏன் போகணும் மாமா? போனவர்தான் வரணும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு வெங்காயம் நறுக்கினோம்.

தாளைக் கிழிக்கச் சொல்கிறாய். படிக்கக் கற்றுக்கொண்ட ஆளிடம் தாளைக் கிழி என்று சொல்லலாமா? தெருவில் எதைப் பார்த்தாலும் படித்துவிடுகிறேன். வங்கிக் கதவில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருஷமாக நான் அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காவல்காரர் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து திறந்துவிடுவார். எனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்திருந்தேன்!

இரண்டாம் வரி: 'சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம்.' மூன்றாம் வரி மாத்திரை பற்றி. நாலாம் வரியை அப்படியே எழுதுகிறேன்: 'தண்ணீர் அல்லது தெளிந்த சூப் 30 ml, 15 நிமிடத்துக்கு ஒரு முறை.'

தண்ணீர், டன்னு. அந்தச் சொல் எண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. ஒரு விரல் அகலம் தள்ளி. நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நீ வருவதானால் சொல்லிவிட்டு வரத் தேவையில்லை.

அப்பா

•

ஏப்ரல் 6, சனி

அப்பாவுக்கு,

வங்கிக் கதவைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கூட வேலை செய்பவன், "என்ன, லாட்டரியா?" என்றான். "எங்கப்பா எழுதியிருக்கார்" என்றேன். அதைச் சொல்ல நன்றாக இருந்தது.

இங்கே வேலை அதே லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைதான். முன்பெல்லாம் லிஃப்ட் கூண்டின் மேல் மூடி வழியாக என் உடம்பு போகாது, கீழே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அதற்காகத்தானே ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது நானே கூண்டின் மேல் ஏறி நிற்கிறேன். லிஃப்ட் ஓடும் இருட்டுக் கூட்டில் கயிறு மேலே போகும். எதிர்ப்பக்கத்தில் இரும்புக் கட்டிகள் அடுக்கிய எதிர்எடை கீழே இறங்கும். கூண்டு ஏறினால் அது இறங்கும், கூண்டு இறங்கினால் அது ஏறும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகும் ஒரு நொடி உண்டு. ஏனோ அந்த நொடியில் வீட்டு நினைவு வருகிறது. எழுதிய பிறகு பார்த்தால் அசட்டுத்தனமாக இருக்கிறது. அடித்துவிட மனமில்லை.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எதிரே இன்னொரு கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள். சமைப்பதில்லை. நாலு வாய்க்கு மேல் இறங்காதவனுக்குத் தனியாகச் சமைப்பது வேடிக்கையாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், நான் சாப்பாட்டில்தான் எல்லாவற்றையும் ஆற்றிக்கொள்வேன். கோபம் வந்தாலும் சாப்பாடு, சந்தோஷம் வந்தாலும் சாப்பாடு. இப்போது அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஞாயிறு மதியம்தான் கஷ்டம். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி. அதில் திருத்த ஒன்றும் இல்லை.

தாளை அவளிடம் கொடுத்துவிடுங்கள். இல்லை, வேண்டாம். அவளிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே கிழித்துவிடுங்கள் அப்பா. அதில் இனிமேல் இருப்பதெல்லாம் மருத்துவச் சொற்கள். உங்களுக்குப் புரியாது.

அந்த ஐந்துகால் நாற்காலி இன்னும் இருக்கிறதா?

மகன்

•

ஏப்ரல் 21, ஞாயிறு

டன்னுக்கு,

நாற்காலி இருக்கிறது. நான் பட்டறையில் உட்கார்ந்து ஐந்தாவது கால் வைத்துக் கொடுத்த நாற்காலி, அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? உனக்கு நினைவிருக்கிறதா, நாலு கால் வளைந்துபோய் நீ தரையில் உட்கார்ந்த அன்று நான் உன்னை எடைமேடைக்கு அழைத்துப் போனேன். அது லாரிக்கான மேடை. பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நீ ஏறி நின்றாய். நூற்று நாற்பது என்றது. நூற்று ஐம்பது என்றது. மறுபடி நூற்று நாற்பது. எந்திரத்துக்கே முடிவு செய்ய முடியவில்லை. உள்ளே சீட்டு எழுதுகிறவர், "என்ன லோடுன்னு எழுதட்டும்?" என்று கத்தினார். "என் பையன்னு எழுதுங்க" என்றேன். நீ அன்று சிரித்தாய். பிறகு வழியெல்லாம் பேசவே இல்லை. அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. எல்லார் எதிரிலும் அப்படி நிற்க வைத்திருக்கக் கூடாது. அதையும் மன்னித்துவிடு.

முன்பெல்லாம் நீ வேலை முடிந்து வரும்போது மாடிப்படியே சொல்லிவிடும். மூன்றாவது படி முனகும், ஏழாவது படி 'டக்' என்னும். நான் உள்ளிருந்தே தட்டு எடுத்து வைப்பேன். நீ இளைத்த பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. புதிதாக ஒரு சத்தம் வந்தது, வேகமாக, லேசாக. யாரோ வேற்று ஆள் மாதிரி. இரண்டு மாதம்தான் அதைக் கேட்டேன். காது பழகுவதற்குள் நீ போய்விட்டாய். இப்போது படியில் யார் லேசாக ஏறினாலும் எட்டிப் பார்க்கிறேன். நேற்று ஏறியது மின்சாரக் கணக்கெடுப்பவர்.

ஐந்தாம் வரியில் சர்க்கரை, இனிப்பு பற்றி இருக்கிறது. ஆறாம் வரி: 'நின்றுகொண்டு சாப்பிட வேண்டாம். இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடவும்.' கட்டிலும் ஜன்னலும் மட்டும் இருக்கும் அறையில் நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?

மருத்துவச் சொற்கள் எனக்குப் புரியாது என்கிறாய். இருக்கலாம். ஏழாம் வரி நீளமாக இருக்கிறது. மெதுவாகத்தான் போவேன்.

ஞாயிறு மதியம் எனக்கும் கஷ்டம்தான். புட்டியை அன்றே தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். கிளாஸ் இரண்டையும் எறிய மனசு வரவில்லை. அவள் அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா

•

மே 5, ஞாயிறு

எழுத்தாளர் ஐயாவுக்கு

ஏழாவது வரி வந்துவிட்டதா. படியுங்கள் படியுங்கள். படித்துவிட்டு ஊரைக் கூட்டி வாசியுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தாள் கிடைத்தால் என்ன ஆட்டம். அறுபத்தொன்பது வயதில் பென்சில் பிடித்து யாரைத் திருத்தப் போகிறீர்கள்

நீங்கள் ஊற்றினீர்கள் நான் குடித்தேன் அவ்வளவுதான் கதை. அப்படியே இருக்கட்டும். எதற்கு வரி வரியாகக் கிளறுகிறீர்கள். அவளிடம் சொல்லுங்கள் அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லி. எனக்காக யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்

இனிமேல் எழுதாதீர்கள். வந்தாலும் பிரிக்க மாட்டேன்

•

மே 12, ஞாயிறு

என் மகனுக்கு,

எழுதாதே என்றாய். ஒருவேளை பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் தபாலில் வந்த அன்று மருமகள் வீட்டில் இல்லை. நான் மட்டும் படித்தேன். அவளிடம் காட்டவில்லை.

எடைமேடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி மேடை ஏறுவதற்கு முன்பே, தெருத் திருப்பத்திலேயே பார்த்துவிடுவேன். ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் உள்ளே சரக்கு கட்டவில்லை, உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுநர் இறங்கி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு பெரியவரே" என்பார். "சரி, தார்ப்பாயை மட்டும் ஒருதரம் தூக்கிக் காட்டு" என்பேன்.

போன மாதம் உன் எழுத்து நேராக நின்றது. இந்தக் கடிதத்தில் எல்லாம் வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறது. கடைசி வரி தாளை விட்டே இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறாய். குடித்துவிட்டு எழுதியிருக்கிறாய். எழுத்து தெரியாமல் இருந்திருந்தால்கூட இது எனக்குத் தெரிந்திருக்கும்.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். ஏனென்றால் ஏழாம் வரி இதுதான்: 'மது அருந்தக் கூடாது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறிதளவு மதுவும் மிக வேகமாக இரத்தத்தில் ஏறும், இறங்க அதிக நேரம் ஆகும். உணவின் மீது இருந்த நாட்டம் மதுவின் மீது மாறக்கூடும். பழக்கமாகும் அபாயம் அதிகம். தயங்காமல் மருத்துவரிடம் சொல்லவும்.'

'நாட்டம்' எனக்குப் புதிய சொல். மருமகளிடம் கேட்டேன். "மனசு அதையே சுத்திச் சுத்தி வர்றது மாமா" என்றாள். அப்படியானால் எனக்கும் இருக்கிறது. எனக்கு உன்மேல் இருக்கிறது.

நீ இருட்டுக் கூட்டில் கூண்டின் மேல் நிற்கிறவன்.

தயங்காமல் மருத்துவரிடம் சொல்லவும் என்று போட்டிருக்கிறது. அதைச் செய். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் அவரிடம் சொல்.

தாளில் இன்னும் அடியில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பொடி எழுத்து. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நீ பதில் எழுதும்வரை அந்த இடத்தைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன்.

அப்பா

•

ஜூன் 16, ஞாயிறு

அப்பா,

உங்கள் கடிதம் பன்னிரண்டு நாள் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வேலை போகாமல் தப்பித்த அன்று பிரித்தேன்.

இங்கே காலையில் வாசலில் எல்லாரும் ஒரு கருவியில் ஊத வேண்டும். ஊதினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "முந்தின நாள் குடிச்சது சார்" என்றேன். உண்மையும் அதுதான். எனக்கு அது இறங்கவே நேரமாகிறது. மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. என் பாதுகாப்பு இடுப்புப் பட்டையை அவரே கழற்றி வாங்கிக்கொண்டார். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். அன்று அறைக்கு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். மறுநாள் டாக்டரிடம் போனேன். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க. சொல்றதுக்குத்தான் லேட் பண்றாங்க" என்றார். செவ்வாயும் வெள்ளியும் குடியை விடுகிறவர்களின் குழு ஒன்றில் போய் உட்காருகிறேன். குடிக்காமல் இன்றோடு இருபது நாள். இந்த ஞாயிறு மதியத்தை இந்தக் கடிதத்தை எழுதிக் கழிக்கிறேன்.

இப்போது நீங்கள் தாளின் அடிக்கு வருவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இருக்கும். அதற்குக் கீழே என் கையெழுத்து.

எனக்குத் தெரியும் அப்பா. முழுதும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு, நீங்கள் முதல் மூடியை அளப்பதற்கு முன்பே நான் குடித்திருந்தேன். என் கருவிப் பைக்குள் ஒரு கால் புட்டி இருந்தது. ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது வாரமே தொடங்கிவிட்டேன். சாப்பாடு எதுவும் இறங்காத தொண்டையில் அது மட்டும் தடையில்லாமல் இறங்கியது. முன்பு நாலு கிளாஸ் செய்த வேலையை ஒரு வாய் செய்தது. எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே பையில் புட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினேன். இன்றுவரை அவள் சொல்லவில்லை என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

நீங்கள் மூடியில் அளந்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஊற்றினீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "டாக்டரே சொல்லிட்டாரு பாரு!" என்று சிரித்தீர்கள். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். 'அது தண்ணிக்குப்பா' என்று சொன்னால் போதும். எனக்கு அந்த முப்பது மில்லி வேண்டியிருந்தது. அதற்கு நீங்களே காரணமாக இருந்தது இன்னும் வசதியாக இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி நடையில் கையை நீட்டினேன். அந்தக் கை நீட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. மணிக்கட்டு உடைந்ததற்குக்கூட மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இருக்கிறது. இதற்கு இல்லை. பதினேழு மாதமாக நீங்கள் அதைச் சுமந்துகொண்டு திரிய, நான் இங்கே 'அதில் திருத்த ஒன்றும் இல்லை' என்று எழுதினேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். மடித்துப் பிடிக்க வேண்டாம்.

வரலாமா என்று கேட்கும் யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

டன்னு

•

ஜூன் 23, ஞாயிறு

என் டன்னுக்கு,

கையெழுத்துப் போடும் இடத்தில் நீயே அந்தப் பெயரை எழுதியிருக்கிறாய். அதை முதலில் பார்த்தேன். அப்புறம்தான் மேலே போய்ப் படித்தேன்.

இப்போது நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபிக்கக் கூடாது.

அந்தத் தாளை நான் பிப்ரவரியிலேயே படித்து முடித்துவிட்டேன்.

எழுத்துக் கற்கிறவன் எப்படிப் படிப்பான் தெரியுமா? மேலிருந்து கீழே படிக்க மாட்டான். தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று தேடுவான், கூட்டத்தில் சொந்தக்காரர்களைத் தேடுகிற மாதிரி. எனக்கு முதலில் வசப்பட்டது என் பெயரின் முதல் எழுத்து. கண் பலகையில் மேலே தனியாக நிற்பதும் அதுதான். தாளை எடுத்து அந்த எழுத்து எங்கே என்று தேடினேன். அடியில், நீல மையில், உன் பெயருக்கு முன்னால் நின்றது. மகன் கையெழுத்துப் போட்டால் அப்பாவின் எழுத்தும் கூடவே போய் நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்ன சந்தோஷப்பட்டேன் தெரியுமா! அந்தச் சந்தோஷத்தில்தான் அதற்கு மேலே இருந்த வரியைப் படித்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள்.

"படிச்சிட்டீங்களா மாமா?"

"படிச்சிட்டேன்."

"அவருக்கு எழுதப் போறீங்களா?"

"எழுதுவேன். ஆனா இதை எழுத மாட்டேன். இதை அவனே எழுதட்டும்."

"எழுதுவாரா?"

"மெதுவாப் போவோம் கண்ணு. அவனுக்கு நேரம் கொடுப்போம்."

அதனால்தான் ஒவ்வொரு வரியாக வந்தேன். பொய் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தந்த வரியைத் திரும்ப எடுத்துப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். எழுதுவது மெதுவாகத்தான் வரும் எனக்கு, அதில் ஏமாற்று இல்லை. படித்தது மட்டும் முன்பே படித்தாகிவிட்டது. அடிக்குப் போகிற அவசரம் எனக்கு இல்லை. நீ அங்கே எனக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நின்றுவிட்டாய்.

என் பங்கும் இருக்கிறது. அதை நீ எடுத்துக்கொண்டு போய்விடாதே. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எழுத்து தெரியாது என்று என் வாயால் சொல்ல வேண்டுமே என்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஊற்றினேன். நீ புட்டியைப் பையில் ஒளித்தாய், நான் இந்த வெட்கத்தை ஒளித்தேன். நாமிருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தது இதைத்தான்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வேகமாகப் படி என்று அவள் சொல்லவில்லை. கை நீட்டியதைப் பற்றி எழுதிய இடத்தில் எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, அவள் வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். முடிந்ததும் எழுந்து போனாள். கோபமா, என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவர்கிட்ட எனக்கும் நிறையக் கேக்கணும் மாமா. அதை நேர்லதான் கேப்பேன். எழுதிக் கேக்க மாட்டேன்" என்றாள். எல்லாம் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. கேட்பாள். பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்படி அலமாரியில் உன் தட்டை மேல் அடுக்கிலிருந்து கீழே எடுத்து வைத்திருக்கிறாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் குழுவுக்குப் போவதை விடாதே. இந்த ஊரிலும் அப்படி ஒன்று நடக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். நடக்கிறது. புதன்கிழமை, மாடியில், மூன்றாவது அறை. கதவில் பெயர் எழுதியிருக்கிறது. நானே படித்துக் கண்டுபிடித்தேன். அந்தக் கதவையும் தள்ளத்தான் வேண்டும்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். காலி வண்டியாக வந்தாலும் மேடையில் ஏற்றித்தான் அனுப்புவோம், காலி எடை தெரிந்தால்தானே மற்றதெல்லாம் கணக்கிட முடியும். வா.

ஞாயிற்றுக்கிழமை வா. மதியம். ஐந்துகால் நாற்காலியைத் துடைத்து ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லிக் கிளாஸ்களிலிருந்த பென்சிலை எடுத்தாகிவிட்டது. உனக்கென்று ஒரு ஜாடி தண்ணீர் வைப்பேன், சரியாக ஒரு லிட்டர். மருந்து மூடி அதேதான், வைத்திருக்கிறேன். தாளில் என்ன போட்டிருக்கிறதோ அப்படியே செய்வோம். முப்பது மில்லி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை. நான்தான் ஊற்றுவேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜாடி காலியாக எட்டு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகும். அதுவரை நீ எழுந்திருக்கக் கூடாது.

அப்பா